முத்தின் நீரும் வயிரத்தின் வடுவும்



தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருவோர் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். குனிந்து பார்ப்போர் சிலரே. விமானத்தின் உயரத்தில் கண்ணைப் பறிகொடுத்தவர்களுக்கு அதன் அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் எழுத்து வெறும் கற்கோலமாகத் தோன்றி மறைந்துவிடுகிறது. ஆனால் அணிகலன்மேல் தமிழ் மனம் கொண்ட தீராக் காதலுக்கு இந்நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பெரிய சான்று அந்த எழுத்தே. தான் கொடுத்தவை, தன் தமக்கை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை ஆகிய யாவற்றையும் கல்லில் வெட்டுக என்று முதலாம் இராசராசன் ஆணையிட்டான். வெட்டப்பட்டன. அவனுடைய 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள், அதாவது 1010இல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் ஒன்றை அவன் வழங்கினான். குடத்தின் நிறை 3083 பலம். அதன்மேல் போர்த்த பொற்றகட்டின் நிறை 2926½ கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சைக் கவனிக்க வேண்டும். கழஞ்சை ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டாலும் பொன் 13 கிலோவைத் தாண்டும். அத்தனை பொன்னில் அரைக் கழஞ்சை விட்டுவிடுவது எளிது, எழுதியவன் விடவில்லை.

இந்த விடாமைதான் இவ்வுரையின் பொருள்.

1891 முதல் ஹுல்ட்ஷ் பதிப்பித்து வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியைப் புரட்டுவோர் முதலில் சலிப்படைவர். திருப்பட்டிகை, ஏகாவல்லி, சப்தசரி, வீரபட்டம், காறை, தோடு, தாலி, மோதிரம் என்று அணிகள் வரும். ஒவ்வொன்றிலும் எத்தனை மணி, என்ன நிறை, எத்தனை காசு பெறும் என்று கணக்கு வரும். பத்துப் பக்கம் படித்தபின் மெல்ல ஒரு வியப்புத் தோன்றும். எழுத்தன் 'முத்து' என்று எழுதிவிட்டு மேலே செல்வதில்லை. வட்டம் என்கிறான், முழுவட்டம் ஆகாததை அனுவட்டம் என்கிறான். ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்போளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்று வகை பிரிக்கிறான். அதற்கும் மேலே போய், முத்தின் ஒளியை நீர் என்று சொல்லி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று இரண்டாகப் பகுக்கிறான்.

மணியின் ஒளியை நீரோட்டம் என்று சொல்லும் வழக்கு இன்றும் உண்டு. ஆயினும் காவிரி நாட்டில் நின்று 'சிவந்த நீர்' என்ற தொடரைப் படிக்கும்போது அது வேறு சுவை பெறுகிறது. ஆடியில் வாய்க்காலின் தலைப்பில் நுரைத்து வரும் புதுப்புனலைக் கண்ட கண்ணுக்குச் சிவந்த நீரும் குளிர்ந்த நீரும் இரு வேறு பொருள்கள். மன்னார்க் கடலில் மூழ்கி எடுத்த முத்து, மருத நிலத்துக்கு வந்ததும் ஆற்றின் சொல்லை வாங்கிக்கொண்டது போலத் தோன்றுகிறது. இது கற்பனையே, கவிஞர் அவையில் இவ்வளவுக்கு இடம் உண்டென்று நம்பலாம்.

வயிரத்துக்கு வரும்போது எழுத்தனின் கண் இன்னும் கூர்மையடைகிறது. பொறிவு, முறிவு, இரத்தபிந்து, காகபிந்து, வெந்தன என்று அவன் எழுதுகிறான். புள்ளி உடையவை, கீறல் கண்டவை, செம்புள்ளி உடையவை, கரும்புள்ளி உடையவை, தீயில் வெந்தாற்போன்ற தழும்புடையவை என்று பொருள். மாணிக்கத்திலும் அப்படியே. ஹளஹளம், கோமளம், நீலகந்தி என்று உயர்ந்த இனங்களைச் சொல்லிவிட்டு, குழி விழுந்தவையும் பிறந்த பாறை இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பவையும் உட்பட என்று சேர்க்கிறான்.

கொடுத்தவன் மும்முடிச் சோழன். பெற்றவன் அவன் எடுப்பித்த கற்றளியின் இறைவன். இவ்விருவருக்கும் நடுவில் நின்ற கணக்கன், அரசன் கொடுத்த வயிரத்தில் கரும்புள்ளி இருக்கிறது என்று கல்லில் எழுதியிருக்கிறான்! அதை அரசன் தடுக்கவில்லை. மெய்க்கீர்த்தியில் கடல் கடந்த வெற்றிகள் முழங்கும் அதே கோயிலில்தான் இவ்வடுக்களும் பதிவாகியுள்ளன. வடு எழுதப்பட்டதற்குக் காரணம் பத்திரம் என்று வரலாற்றறிஞர் சொல்லக்கூடும். புள்ளியுள்ள கல்லை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைக்க முடியாதபடி செய்த ஏற்பாடு அது என்பது உண்மையே. பாதுகாப்புக்காக எழுதியது படிமமாகி நிற்பது எழுதியவனின் குற்றமன்று.

காப்பியம் மணிகளைப் பாடிய முறையோடு இதை ஒப்பிட வேண்டும். ஐம்பெருங்காப்பியங்களின் பெயர்கள் அனைத்தும் தமிழன்னைக்கு நகைகள் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. குண்டலகேசி என்பது காதணியைக் குறிப்பதன்று, சுருண்ட கூந்தலாளைக் குறிப்பது என்பதை எத்தனை முறை சொன்னாலும் அவ்வழக்கு ஓய்வதாக இல்லை, அது கிடக்கட்டும். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெரு வருகிறது. அங்கும் காகபாதம், களங்கம், விந்து என்று வயிரக் குற்றங்கள் பேசப்படுகின்றன. ஆனால் அக்குற்றங்கள் நீங்கிய வயிரங்களே அத்தெருவில் இருந்தன என்று சொல்லவே இளங்கோ அவற்றைப் பேசுகிறார். காப்பியக் கடையில் குற்றமற்ற கல் மட்டுமே கிடைக்கும். இராசராசேச்சரத்தின் பண்டாரத்திலோ குற்றமுள்ள கல்லும் மணியே. அதற்கும் நிறை உண்டு, விலை உண்டு, பெயர் உண்டு.

ஆனால் இளங்கோவை அவ்வளவில் விட்டுவிட இயலாது. கடலாடு காதையில் மாதவி தன்னை அணிசெய்துகொள்ளும் பகுதி புகாரின் செல்வமெல்லாம் ஓருடலில் ஏறி நிற்கும் இடம். காலாழி முதலாக ஒவ்வோர் அணியும் அடிமுதல் முடிவரை வரிசையாக ஏற, இடையில் முப்பத்திரண்டு வடமாகக் கோத்த முத்து வருகிறது. அந்த மாதவியின் மாலைக்கு அரங்கேற்றத்தன்று நாடு விதித்த விலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு. விமானக் குடத்தின் பொன் நிறுக்கப்பட்டதும் கழஞ்சிலேதான் என்பதை நினைத்தால் காப்பியமும் கல்வெட்டும் ஒரே துலாக்கோலின் இரு தட்டுகளாகத் தெரியும். எதிர்ப்புறத்தில் கண்ணகியிடம் இருந்தவை இரண்டு சிலம்புகள். அவற்றை அவள் அணியாகக் கொடுக்கவில்லை. கோவலன் அவற்றை அணியாக வாங்கவும் இல்லை. இழந்த பொருளை ஈட்டுவதற்கான முதல் என்றே அவன் சொல்கிறான். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருந்த இரு சிலம்புகளுக்கு இடையே உள்ளிருந்த பரல் மட்டுமே வேற்றுமை. ஒன்றில் முத்து, மற்றதில் மாணிக்கம். சிலம்பை உடைக்கும் முன்பே உள்ளிருப்பது இன்னதென்று கேட்டு எழுதிவைக்கும் கணக்கன் ஒருவன் பாண்டியன் அவையில் இருந்திருந்தால் காப்பியமே இல்லை.

இனி, நிறுத்த முறை. பெரிய கோயிலில் பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயர் ஆடவல்லான். மணிகளை நிறுத்த கல்லின் பெயர் தட்சிணமேருவிடங்கன். கழஞ்சுக்குக் கீழே மஞ்சாடி, அதற்கும் கீழே குன்றி. வேலியோரத்துக் கொடியில் காய்க்கும் செங்குன்றிமணியே அரசனின் பொன்னுக்கும் கடைசி அளவு. முத்து வடத்தை நிறுக்கும்போது சரட்டின் எடையை நீக்கினார்கள். சட்டத்தையும் செப்பாணியையும் நீக்கினார்கள். உள்ளே அடைத்த அரக்குக்கும் கணக்கு வைத்தார்கள். நீக்கியவற்றுக்கும் பெயர் சொல்லி நீக்கினார்கள்.

இன்று கும்பகோணத்திலோ தஞ்சையிலோ ஒரு நகைக்கடையில் பழைய அட்டிகையைக் கொடுத்துப் புதியது வாங்குவோர் காணும் கழிவும் ஏறக்குறைய இதுவே. கல் எடை கழியும், அரக்குக் கழியும், அழுக்குக் கழியும். புதிய நகைக்குச் செய்கூலியும் சேதாரமும் ஏறும். ஆனால் கழிக்கப்பட்ட கெம்புக்கல் எத்தனை, அதில் எது பழைய பர்மாக் கல், எது கண்ணாடி, அட்டிகை செய்த வேலைப்பாடு என்ன என்பவற்றுக்கு அந்தச் சீட்டில் ஒரு வரி இருக்காது. அட்டிகை உலைக்குப் போகும். 'பழைய தங்கம், இத்தனை கிராம்' என்ற ஒரே சொல்லாக அது முடிந்துவிடும். ஆயிரம் ஆண்டுக்கு முன் இருந்த கணக்கு இன்றையதைவிடக் கவிதைக்கு அருகில் இருந்தது என்று சொன்னால் அது பழமைப் பித்து ஆகாது.

ஆடவல்லான் என்ற பெயர் எடைக்கல்லோடு நிற்கவில்லை. அக்கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்கும் அதே பெயர்தான். பொன்னுக்கும் நெல்லுக்கும் கூத்தன் பெயரே அளவு என்பது இந்த ஈரநாட்டுக்கே உரிய நுட்பம். காவிரிக்கரை ஊர்ச்சபைகளிடம் கோயிற்காசு முதலாக வைக்கப்பட்டு வட்டி நெல்லாகவும் வந்தது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும் ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். கோயிற் பணியாளர் பட்டியலில் இரத்தினத் தையான் என்று ஒருவன் வருகிறான். மணிகளைத் துணியில் வைத்துத் தைப்பவன். அவனுக்கும் ஊதியம் நெற்பங்குதான். மாணிக்கமும் முத்தும் நாள்தோறும் அவன் விரலிடையே புரண்டன. மாலையில் அவன் வீட்டில் உலையேறியது சேற்றில் விளைந்த அரிசி. தஞ்சையின் நகைப் பெருமை பேசும் நூல்கள் இந்த ஒருவனுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம்.

பெருமை பேசும்போது மறைக்கப்படும் மற்றொன்றும் உண்டு. அதையும் கல்வெட்டு மறைக்கவில்லை. இறைவனுக்கு வழங்கிய பொன்னிலும் கலங்களிலும் ஒரு பகுதி, சேரனையும் பாண்டியரையும் மலைநாட்டில் வென்று கைக்கொண்ட பண்டாரத்திலிருந்து வந்தது. சத்தியாசிரயனை வென்று கொணர்ந்த செல்வத்திலிருந்து செய்த பொற்பூக்கள் இறைவன் திருவடியில் இடப்பட்டன. வெந்த தழும்புடைய வயிரம் என்று எழுதிய அதே எழுத்தன், கொள்ளைப் பொருளைக் கொள்ளைப் பொருள் என்றே எழுதினான். எந்த வீட்டுப் பெண்ணின் கழுத்திலிருந்து அது இறங்கியது என்பதை மட்டும் எழுதவில்லை. கல்லின் வடுவைக் காணும் கண் அவ்வளவு தூரம் நீளவில்லை போலும்.

இவ்வளவு எழுதிக் காத்த அணிகள் என்ன ஆயின? குந்தவை தன் தந்தைக்கும் தாய்க்கும் படிமம் எடுத்து, உமாபரமேசுவரியர் இருவருக்கும் படிமம் எடுத்து, அவற்றுக்கெல்லாம் பூட்டிய அணிகளின் பட்டியல் கல்லில் நிற்கிறது. அணிகள் இல்லை. முத்தைத் தந்த கடலும் ஓய்ந்தது; தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. உரோம நாட்டுப் பொன்னெல்லாம் இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் வெளியேறுகிறது என்று முதல் நூற்றாண்டிலேயே பிளினி புலம்பினான். அப்பொருள்களுள் தென்கடல் முத்தும் ஒன்று.

அரசர்கள் மாறியபோதும் கதை மாறவில்லை. மராட்டிய மன்னர் சிவாஜி 1855இல் ஆண்வாரிசின்றி இறந்தார். கும்பினியார் நாட்டோடு அவருடைய தனிச்சொத்தையும் கைப்பற்றினர். மூத்த தேவியரான காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தார். சென்னை உச்சநீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இலண்டன் பிரிவி கவுன்சில் 1859இல், இது அரசின் செயல், இதை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று தள்ளிவிட்டது. கும்பினி செய்தது நியாயம் என்று அத்தீர்ப்புச் சொல்லவில்லை. கேட்க இடமில்லை என்றுதான் சொன்னது. கண்ணகி வழக்காடிய அவையில் கேட்கவாவது ஒருவன் இருந்தான்.

நகை போன இடத்தில் நகையாசை போகவில்லை என்பதற்குத் தஞ்சாவூர் ஓவியமே சான்று. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியையும் பசையையும் குழைத்து மேடெழுப்பி, கண்ணாடிக்கல் பதித்து, பொற்றாள் ஒட்டிச் செய்யும் அக்கலை மராட்டியர் காலத்தில், சிறப்பாக இரண்டாம் சரபோசியின் நாளில் செழித்தது. வெண்ணெய் உண்ணும் கண்ணனின் உடலில் சதையைவிட நகை அதிகம். அதைப் போலி என்று முகஞ்சுளிக்கும் நவீன ஓவியர் உண்டு. கல் போலி என்பது சரிதான். ஆனால் இந்த நகைகளைத் திருட முடியாது, உருக்க முடியாது, பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோகவும் வேண்டியதில்லை. நகையை இழந்து இழந்து பழகிய ஊர், இழக்க முடியாத நகையைக் கண்டுபிடித்துக்கொண்டது. 2007ஐ ஒட்டிப் புவிசார் குறியீடு கிடைத்தபின் அதன் சந்தை பெருகியிருக்கிறது. முகங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல ஆகிவருவது அதற்குக் கொடுக்கும் விலை.

செப்புத் திருமேனிகளில் இதே தந்திரத்தைச் சோழர் காலச் சிற்பிகள் முன்பே கையாண்டிருந்தனர். மெழுகில் உருச்செய்யும்போதே ஆரத்தையும் கடகத்தையும் அரைப்பட்டிகையையும் உடலோடு சேர்த்து வடித்தார்கள். தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கும் திருவெண்காட்டு இடபவாகனர் 1011ஆம் ஆண்டுத் திருமேனி. 1951இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டது. சாய்ந்து நிற்கக் கைக்குத் துணையாய் இருந்த காளை இல்லை. கழுத்தின் அணி கழுத்திலேயே இருக்கிறது.

இத்தகைய பெருங்கலங்களை மட்டுமே பேசினால் காவிரிநாட்டு நகைக் கதை பாதியில் நின்றுவிடும். ஆடிப்பெருக்கன்று ஆற்றுக்குப் பெண்கள் இடும் நகை காதோலையும் கருகமணியும். சில காசு பெறும் பனையோலைச் சுருளும் கறுப்பு மணியும். தோடு என்ற சொல்லுக்கே இதழ், ஓலை என்ற பொருள்கள் உண்டு. வயிரத்தோடு என்று இன்று சொல்லும்போதும் அச்சொல்லுக்குள் ஓலை சுருண்டு கிடக்கிறது. இராசராசன் பொன்னால் செய்து கொடுத்த தோட்டின் தொல்வடிவம் இன்றும் ஆண்டுக்கு ஒருமுறை ஆற்றில் மிதக்கிறது. ஆற்றை மகளாகவும் தாயாகவும் கண்டவர்கள் அவளை வெறுங்காதோடு கடலுக்கு அனுப்ப மனமில்லாதவர்கள்.

அந்தப் பெண்களின் சொந்தக் காதுகளின் நிலை வேறு. மேட்டூர் அணை 1934 முதல் இந்நாட்டின் பருவத்தைத் தீர்மானித்து வருகிறது. ஜூன் 12இல் மதகு திறந்தால் குறுவை, திறக்காவிட்டால் காத்திருப்பு. விதைநெல்லுக்கும் உரத்துக்கும் நடவுக்கூலிக்கும் கையில் பணமில்லாத வீட்டில் முதலில் இறங்குவது கழுத்துச் சங்கிலி, அடுத்து வளையல், கடைசியாகத் தோடு. அறுவடை நன்றாக இருந்தால் அவை திரும்பி வரும். கண்ணகியின் சிலம்பைப் போல அவையும் முதல்தான். 2021 செப்டம்பரில் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரை அடகு வைத்தோரின் நகைக்கடன் தள்ளுபடி என்று தமிழக அரசு அறிவித்தது. நகை ஆடம்பரம் என்று எழுதும் பொருளியலார் ஓர் அறிவிப்பின் பின்னே எத்தனை வயல்கள் இருந்தன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

கவிஞர்கள் கவலைகொள்ள வேண்டிய இழப்பு ஒன்று இதனூடே நடந்துகொண்டிருக்கிறது. காறை போயிற்று. புல்லாக்கு, நாகர், இராக்கொடி, தண்டட்டி, பாம்படம் ஆகியன பாட்டியர் படங்களில் மட்டும் தெரிகின்றன. பொருள் போகும்போது சொல்லும் போகிறது. வேலைப்பாட்டைச் சொல்லும் சொற்கள் அதற்கும் முன்பே போய்விடுகின்றன. அணி என்ற ஒரே சொல்லால் நகையையும் கவிதையின் அழகையும் குறித்தவர்கள் தமிழர். தண்டியலங்காரம் அணிகளை இலக்கணப்படுத்திவிட்டு, இறுதியில் வழுக்களையும் மலைவுகளையும் எண்ணிச் சொல்கிறது. வடுவை எண்ணாத கணக்கு முற்றாது என்பது அந்நூலாசிரியருக்கும் பண்டாரக் கணக்கனுக்கும் தெரிந்திருந்தது. இன்றைய கவிதையில் 'நகை' என்ற பொதுச்சொல் நிறைய வருகிறது. ஒரு நகையின் பெயர் அரிதாகவே வருகிறது. அதன் உதிர்ந்த கல் வருவதே இல்லை.

ஒரு நகையை இன்றும் பெயர் சொல்லி, நிறை சொல்லி, குறை சொல்லி எழுதும் ஏடு ஒன்றே ஒன்று எஞ்சியிருக்கிறது. அது அடகுச் சீட்டு. மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, தராசில் வைத்து எழுதுகிறார்: கல் பதித்த தோடு, ஒரு சோடி; மொத்த எடை இவ்வளவு, கல் நீக்கிய எடை இவ்வளவு; ஒன்றில் திருகு பழுது; ஒரு கல் இல்லை. அந்தச் சீட்டை நாலாக மடித்து, அரிசிப் பானையின் அடியில் புதைத்து, மேலே ஒரு படி அரிசியைக் கொட்டி மூடிவைக்கும் வழக்கம் ஆற்றங்கரை ஊர்களில் இன்னும் இருக்கிறது.